நான் எம்மாத்திரம்? இறைப் பராமரிப்பு பற்றி ஓர் எளிய அறிமுகம்

சிங்கப்பூரில் நின்றுகொண்டு வானத்தின் பிரம்மாண்டத்தை உணர்வது எளிதல்ல. 2016-இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தில் முதலிடம் நமக்குத்தான். இத்தீவில் வாழும் அனைவரும், கண் இருட்டுக்கு முழுதாகப் பழகவே முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்கிறோம். ஆனாலும் ஜனவரியில் மழை ஓய்ந்த ஓர் இரவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்குச் சற்றுத் தள்ளிச் செக்கச்செவேலென்று ஒன்று மினுங்கும். அதுதான் திருவாதிரை. அதன் ஒளி நம்மிடம் வந்துசேர ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1819-இல் ராஃபிள்ஸ் இங்கே வந்து இறங்கியபோதே அந்த ஒளி பாதி வழிக்கு மேல் கடந்துவிட்டிருந்தது.

இத்தனையையும் படைத்த ஒருவர் இருக்கிறார் என்றால், பத்தாவது மாடியில் தூக்கம் வராமல் நிற்கும் என்னை அவருக்குத் தெரியுமா? தெரிந்தாலும், என்மேல் அக்கறை கொள்ள அவருக்கு என்ன வந்தது? ஞாயிறு வகுப்பில் பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைக் கேட்கிறது. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த எழுபது வயதுப் பெரியவரும் இதையே கேட்கிறார். வார்த்தைகள் மட்டும்தான் வேறு.

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு தரும் விடைக்கு இறைப் பராமரிப்பு என்று பெயர். நான் கிறிஸ்தவள். அந்த நம்பிக்கைக்குள் நின்றுதான் எழுதுகிறேன். ஆனால் தமிழ் பேசும் எவருக்கும் இது அடியோடு அந்நியமான எண்ணம் அல்ல. அவனன்றி ஓர் அணுவும் அசையாது என்று சொல்லித்தானே நம் பாட்டிமார்கள் நம்மை வளர்த்தார்கள்?

கருத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடவுள் உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிப் போகவில்லை. அது ஒவ்வொரு நொடியும் இருந்துகொண்டிருப்பதே அவரால்தான். அதை அவர் ஒரு முடிவை நோக்கி நடத்திச் செல்கிறார். அதிலுள்ள ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே அறிந்து கவனிக்கிறார். முதல் இரண்டையும் ஒப்புக்கொள்ளப் பலருக்கும் சிரமம் இருப்பதில்லை. ஒரு பேராற்றல் உலகை இயக்குகிறது என்று கேட்டால் தலையசைப்பவர்கள் ஏராளம். அந்தப் பேராற்றலுக்கு என் பெயர் தெரியும், என் முழங்கால் வலியும் தெரியும் என்று சொல்லும்போதுதான் தயங்குகிறார்கள். ஆகவே நான் பேசப் போவது அந்த மூன்றாவதைப் பற்றியே.

எவ்வளவு பெரிது?

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. நிலவிலிருந்து இங்கு வர அதற்கு ஒரு நொடிக்குச் சற்று மேல் பிடிக்கிறது. சூரியனிலிருந்து வர எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத்திலிருந்து வர நான்கு ஆண்டுகளுக்கு மேல். நம்முடைய பால்வீதி மண்டலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடக்க ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகள். அதில் பத்தாயிரம் கோடிக்குக் குறையாத நட்சத்திரங்கள் உள்ளன. பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமீடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதே அவ்வளவு தூரம்!

1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பிப் பார்த்து நம் பூமியைப் படம் எடுத்தது. அந்தப் படத்தில் பூமி ஒரு முழுப் புள்ளிகூட இல்லை. அன்றிருந்த ஐந்நூறு கோடிக்கு மேலான மக்களும், நாம் கொண்டாடும் எல்லாப் பெருமைகளும், நாம் புதைத்த எல்லாத் துயரங்களும் அந்தத் துணுக்குக்குள் அடங்கிவிட்டன. சிங்கப்பூரை அதில் தேடுவது வீண் வேலை.

விவிலியம் எழுதப்பட்ட காலத்து மக்கள் உலகைச் சின்னதாக நினைத்தார்கள், அதனால்தான் கடவுள் நம்மைக் கவனிக்கிறார் என்று நம்ப அவர்களுக்கு எளிதாக இருந்தது, அறிவியல் வந்ததும் அது உடைந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். அது சரியல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே தாலமி தம்முடைய வானியல் நூலில், வானத்தோடு ஒப்பிட்டால் பூமி வெறும் ஒரு புள்ளி என்று எழுதிவிட்டார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்த அரசர் சாலொமோன், "வானங்களும், வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம்" என்று ஜெபித்ததாக விவிலியம் சொல்கிறது. விவிலியத்தின் பாடல் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தில் எட்டாம் சங்கீதம் இன்னும் நேரடியானது. "உமது விரல்களின் கிரியையாகிய உம்முடைய வானங்களையும், நீர் ஸ்தாபித்த சந்திரனையும் நட்சத்திரங்களையும் நான் பார்க்கும்போது, மனுஷனை நீர் நினைக்கிறதற்கும், மனுஷகுமாரனை நீர் விசாரிக்கிறதற்கும் அவன் எம்மாத்திரம் என்கிறேன்."

சூரியன் அந்த வரிகளில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது இரவில் பிறந்த பாட்டு. விளக்கில்லாத மலைநாட்டில் ஒருவர் அண்ணாந்து நின்றிருக்கிறார். நமக்கு வரும் அதே மலைப்பு அவருக்கும் வந்திருக்கிறது. ஒளியாண்டுக் கணக்கு அவரிடம் இல்லை. தாம் சிறியவர் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சந்தேகம் புதிதல்ல. விசுவாசிகளே முதலில் கேட்ட கேள்வி அது.

கவனம் பங்கு போடப்படுமா?

இனி வருவதுதான் இந்த விளக்கத்தின் இதயம். நாம் ஏன் பெரிய கடவுள் என்றால் தூரத்துக் கடவுள் என்று நினைக்கிறோம்?

காலையில் பலதுறை மருந்தகத்துக்குப் போயிருப்பீர்கள். வரிசை எண் சீட்டோடு உட்கார்ந்திருப்போம். மருத்துவர் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் எனக்கு அவர் கொடுக்கும் ஐந்து நிமிடம் எனக்குப் பின்னால் இருப்பவரிடமிருந்து எடுத்த ஐந்து நிமிடம். நான் இன்னொரு கேள்வி கேட்க வாய் திறக்கும்போதே வெளியே காத்திருப்பவர்களின் நினைப்பு வந்து வாயை அடைக்கிறது. மனிதரின் கவனம் பங்கு போடப்படும் பொருள். ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். ஆள் பெரிய ஆளாக ஆக, அவரைப் பார்ப்பதும் அரிதாகிவிடுகிறது. இதை நாம் சிறு வயதிலிருந்தே பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் கடவுளையும் அதே கணக்கில் வைக்கிறோம்: எல்லாரிலும் பெரியவர், ஆகவே எல்லாரிலும் நேரமில்லாதவர். என் சீட்டு எண் எண்ணூறு கோடிக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது.

இப்படி நினைக்கும்போது நாம் கடவுளை நினைக்கவில்லை. மிகவும் பெரிதாக்கப்பட்ட ஒரு மனிதரைத்தான் நினைக்கிறோம். கடவுள் எல்லையற்றவர் என்றால் அவருடைய கவனமும் எல்லையற்றது. அதைப் பங்கு போட வேண்டியதில்லை. ஆண்ட்ரோமீடாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால் அவருடைய கை களைத்துப்போய் என்னை விட்டுவிடுவதில்லை. கணக்காகவே யோசித்துப் பாருங்கள். எல்லையில்லாத ஒன்றுக்கு முன்னால் ஒரு விண்மீன் மண்டலமும் ஒரு சிட்டுக்குருவியும் ஒரே அளவு சிறியவைதான். நான் சிறியவள் என்பதால் அவர் என்னைப் பொருட்படுத்த மாட்டார் என்றால், அதே காரணத்துக்காக அவர் பால்வீதியையும் பொருட்படுத்தக் கூடாது. அளவு என்பது நமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு.

கிறிஸ்தவ ஆயர் அகுஸ்தீன் கி.பி. 400-ஐ ஒட்டி எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்: கடவுள் நம்மில் ஒவ்வொருவரையும் அந்த ஒருவர் மட்டுமே இருப்பதுபோல் கவனிக்கிறார், எல்லாரையும் ஒருவரைப்போலவே கவனிக்கிறார். தமக்காக ஆண்டுக்கணக்கில் அழுது ஜெபித்த தம் தாயை நினைத்தபோது அவர் எழுதிய வரி அது.

இது எல்லாருக்கும் பொதுவாக இருந்த எண்ணம் அல்ல. தேவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள், மனிதர் விவகாரம் அவர்களைத் தொடுவதே இல்லை என்று கிரேக்கத்தில் எபிகூரஸ் கற்பித்தார். ரோமில் சிசரோ எழுதிய உரையாடல் ஒன்றில், தேவர்கள் மனிதரைக் கவனிக்கிறார்கள் என்று வாதாடும் பாத்திரமே கடைசியில், பெரிய காரியங்களைத் தேவர்கள் கவனிக்கிறார்கள், சின்னவற்றை விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறது. நியாயமான பேச்சாகத்தான் தோன்றும். நாட்டை ஆள்பவர் ஒவ்வொரு வீட்டுக் குழாயையும் பார்க்க முடியுமா என்ன?

எபிரேயத் தீர்க்கதரிசி ஏசாயா இதைத் தலைகீழாகத் திருப்புகிறார். பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட மக்கள், எங்கள் வழி கர்த்தருக்கு மறைந்துபோயிற்று என்று புலம்புகிறார்கள். ஊர் போய், கோயில் எரிந்து, மொழி தெரியாத தேசத்தில் கிடப்பவர்களின் புலம்பல் அது. ஏசாயா அவர்களை வானத்தைப் பார்க்கச் சொல்கிறார். அந்த நட்சத்திரச் சேனையை எண்ணி வெளியே அழைத்து வருகிறவர் அவற்றைப் பேர்பேராகக் கூப்பிடுகிறார், அவற்றில் ஒன்றும் குறைவதில்லை என்கிறார். நாம் எதைக் காட்டிச் சந்தேகப்படுகிறோமோ அதையே அவர் நம்பிக்கைக்கு ஆதாரமாக வைக்கிறார். இத்தனை கோடியில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர் உன்னைத் தவறவிடுவாரா? 147-ஆம் சங்கீதமும் இரண்டையும் அடுத்தடுத்த வசனங்களில் வைத்திருக்கிறது. ஒன்றில் நொறுங்கிய இருதயங்களின் காயங்களைக் கட்டுகிறார். அடுத்ததில் நட்சத்திரங்களை எண்ணிப் பெயரிடுகிறார். பாடியவருக்கு இரண்டும் ஒரே கையின் வேலை.

கூட்டத்தில் ஒரு தொடுதல்

கிறிஸ்தவ நம்பிக்கை இதோடு நிற்பதில்லை. இந்த வானங்களை உண்டாக்கியவரே பெத்லகேமில் ஒரு குழந்தையாகப் பிறந்தார் என்கிறது. எனவே கடவுளின் கவனம் எப்படிப்பட்டது என்று அறிய வேண்டுமானால், இயேசு மனிதர்களை எப்படிக் கவனித்தார் என்று பார்க்க வேண்டும். மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கச் சொல்வேன். இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

யவீரு ஜெப ஆலயத் தலைவர்களில் ஒருவர். ஊரில் மதிப்புள்ளவர். அவருடைய பன்னிரண்டு வயது மகள் சாகும் நிலையில் இருக்கிறாள். அவர் இயேசுவின் காலில் விழுந்து கெஞ்சுகிறார். இயேசு புறப்படுகிறார். கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. இன்றைய கணக்கில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உரிய நோயாளி அந்தச் சிறுமி. அந்த நெரிசலில் ஒரு பெண் பின்னால் வந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவளுக்கு உதிரப்போக்கு. வைத்தியர்களிடம் இருந்ததையெல்லாம் செலவழித்தும் நோய் முற்றியதே தவிரத் தீரவில்லை. அன்றைய சட்டப்படி அவள் தீட்டுள்ளவள்; கூட்டத்துக்குள் வரவே கூச வேண்டிய நிலை. அதனால்தான் முன்னால் வந்து கேட்காமல் பின்னால் வந்து தொடுகிறாள். யாருக்கும் தெரியாமல் குணம் பெற்றுப் போய்விடலாம் என்று பார்க்கிறாள்.

குணமும் ஆகிறது. அத்தோடு விட்டிருக்கலாம். இயேசு நின்றுவிடுகிறார். என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். இத்தனை பேர் நெருக்கும்போது இப்படிக் கேட்கிறீரே என்று சீடர்கள் சலித்துக்கொள்கிறார்கள். யவீருவின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நொடியும் அவருக்கு நெருப்பு. ஆனால் இயேசு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு வந்து விழுந்து உண்மை முழுவதையும் சொல்கிறாள். பன்னிரண்டு ஆண்டுக் கதை, சட்டென்று முடியுமா? அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு அவளை "மகளே" என்று அழைக்கிறார்.

அவர் பேசி முடிப்பதற்குள் யவீருவின் வீட்டிலிருந்து செய்தி வருகிறது: மகள் இறந்துவிட்டாள், இனி போதகரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். மருந்தக வரிசைக் கணக்கு மெய்யாகிவிட்டதுபோல் இருக்கிறது. ஒருத்திக்குக் கொடுத்த நேரம் இன்னொருத்தியின் உயிரை எடுத்துவிட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பயப்படாதே, நம்பிக்கையோடிரு என்று தகப்பனிடம் சொல்லிவிட்டு இயேசு வீட்டுக்குப் போகிறார். சிறுமியின் கையைப் பிடித்து எழுப்புகிறார். அதன்பின் அவர் சொன்ன ஒன்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். சாவையே திருப்பி அனுப்பியவருக்கு அந்தப் பிள்ளையின் பசி நினைவிருந்தது. வீட்டார் வியப்பில் மறந்திருப்பார்கள், அவர் மறக்கவில்லை.

இதைத்தான் பராமரிப்பு என்கிறோம். ஒருத்தியைக் கவனித்ததால் இன்னொருத்தி கைவிடப்படவில்லை.

பெயர் சொல்லி அழைக்கப்பட்ட வேலைக்காரப் பெண்

விவிலியத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 16-ஆம் அதிகாரத்தில் ஆகார் என்ற எகிப்தியப் பெண் வருகிறாள். ஆபிராம், சாராய் வீட்டு அடிமைப்பெண் அவள். சாராய்க்குப் பிள்ளை இல்லாததால், ஆகாரைக் கேட்காமலேயே அவளை ஆபிராமுக்கு மறுமனையாட்டியாகக் கொடுக்கிறார்கள். அவள் கருவுற்றதும் வீட்டில் பிணக்கு வருகிறது. கொடுமை தாங்காமல் பாலைவனத்துக்கு ஓடுகிறாள். அந்த அதிகாரத்தில் எசமானனும் எசமானியும் ஒரு தடவைகூட அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. அடிமைப்பெண், அவ்வளவுதான். வழியோர நீரூற்றருகே அவளைக் கண்ட தேவதூதன்தான் முதன்முதலாக அவளை ஆகாரே என்று அழைக்கிறான். எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறான். அவள் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிறாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்."

நம்மில் எத்தனையோ வீடுகளில் இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். தன் பிள்ளையைத் தாயகத்தில் விட்டுவிட்டு வந்து நம் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர்கள் அவர்கள். இந்த அதிகாரத்தை அவர்கள் வாசிக்கும் விதமும் நாம் வாசிக்கும் விதமும் ஒன்றாக இருக்காது. நாம் இதில் யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே ஒன்றை மறைக்க விரும்பவில்லை. தேவதூதன் ஆகாரிடம், எசமானியிடம் திரும்பிப் போ என்கிறான். வாசிக்கக் கசப்பாகத்தான் இருக்கிறது. பிற்பாடு 21-ஆம் அதிகாரத்தில் அவள் மகனோடு துரத்தப்படுகிறாள். தோல்பையிலிருந்த தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டாமல் தூரப் போய் உட்கார்ந்து அழுகிறாள். அப்போது அவள் கண்கள் திறக்கப்படுகின்றன. தண்ணீர் இருக்கும் இடம் தெரிகிறது. கடவுள் காண்கிறார் என்பதற்குத் துன்பமே வராது என்று பொருளில்லை என்பதை விவிலியம் முதல் புத்தகத்திலேயே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் துன்பம் ஏன்?

இந்தக் கேள்விக்கு முழு விடை என்னிடம் இல்லை. ஒரு கட்டுரையில் அதைத் தருவதாகச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் பராமரிப்பு என்ற கருத்து எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துக் காட்ட முடியும்.

இயேசு சிட்டுக்குருவிகளைப் பற்றிப் பேசுகிறார். அவை ஏழைகள் வாங்கித் தின்னும் மலிவான இறைச்சி. மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் எவருக்கும் இந்தக் கணக்கு உடனே புரியும்: ஐந்தாவது குருவி கொசுறு. கறிவேப்பிலைபோல் சும்மா தூக்கிப் போட்டது. அதற்கு விலையே இல்லை. அவற்றில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்கிறார் இயேசு. ஆனால் குருவி விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை. பிதாவை மீறி விழாது என்கிறார். இதைச் சொன்னவரே பின்னர் சிலுவையில் தொங்கினார். என்னை ஏன் கைவிட்டீர் என்று அங்கே கதறினார். எனவே, எனக்குக் கஷ்டம் வந்துவிட்டது, ஆகவே கடவுள் என்னைக் கவனிக்கவில்லை என்ற கணக்குக் கிறிஸ்தவருக்குக் கட்டுப்படியாகாது. அக்கறை இருந்தால் பதவி உயர்வும் கூடவே பெரிய வீடும் வரும் என்று போதிப்பவர்களும் இதே தவறான கணக்கைத்தான் மறுபக்கமிருந்து போடுகிறார்கள். எனக்கு அந்தப் போதனைமேல் கோபமே உண்டு. நோயில் கிடப்பவரிடம் அது, உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது.

விவிலியத்தில் வரும் யோபுவின் கதையையும் பாருங்கள். பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த அவர், எட்டாம் சங்கீதத்தின் அதே கேள்வியைக் கசப்போடு கேட்கிறார்: காலைதோறும் விசாரிக்கவும் நிமிஷந்தோறும் சோதிக்கவும் மனிதன் எம்மாத்திரம், என்னைக் கொஞ்சம் விட்டுவிடக் கூடாதா? கடைசியில் கடவுள் பேசும்போது யோபு ஏன் துன்பப்பட்டார் என்று விளக்கவில்லை. படைப்பைச் சுற்றிக் காட்டுகிறார். அறுமீன், மிருகசீரிஷம் எல்லாம் அங்கே வருகின்றன. வரையாடு எப்போது குட்டி போடும் என்பதும், காக்கைக் குஞ்சுக்கு இரை தருவது யார் என்பதும் வருகின்றன. மனிதர் ஒருவரும் இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்கிறது. நமக்காக மட்டும் படைக்கப்பட்ட உலகம் அல்ல இது. அண்டம் ஏன் இவ்வளவு பெரிது, நமக்காக என்றால் இது வீண் அல்லவா என்று கேட்பவர்களுக்கு இதுவே நல்ல பதில் என்று நினைக்கிறேன். நாம் பார்க்காத இடங்களிலும் அவர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

இதைத் தலையெழுத்தோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. எல்லாம் விதி, நடப்பது நடக்கும் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவது பராமரிப்பை நம்புவதாகாது. விதிக்குக் காது கிடையாது. அதனிடம் அழ முடியாது, சண்டை போட முடியாது. யோபு கடவுளோடு வழக்காடினார். கடவுள் அவரைக் கண்டித்தார், ஆனால் அவர் பக்கம்தான் நின்றார். ஒருவர் கேட்கிறார் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் அழுகைக்கே இடம் உண்டு.

யார் கை வழியாக?

பராமரிப்பு பெரும்பாலும் மனிதர் கை வழியாகவே வருகிறது. களைத்துப்போய்ச் சாக வேண்டும் என்று ஒரு மரத்தடியில் படுத்த தீர்க்கதரிசி எலியாவிடம் தேவதூதன் முதலில் உபதேசம் செய்யவில்லை. சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். ஆதித் திருச்சபையில் சில விதவைகளுக்கு அன்றாட உணவு சரியாகக் கிடைக்கவில்லை என்று முறையீடு வந்தபோது, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவர்களை அனுப்பிவிடவில்லை. அதற்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள்.

2020-இல் கொவிட் பரவி வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகள் அடைக்கப்பட்டபோது, அங்கே மாதக்கணக்கில் அறைக்குள் இருந்தவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். உணவு அனுப்பியவர்களும், தொலைபேசி டாப்-அப் வாங்கித் தந்தவர்களும், தெரியாத குரலோடு தமிழில் நலம் விசாரித்தவர்களும் இந்தத் தீவில் இருந்தார்கள். எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்ல. கடவுள் யார் கையைப் பயன்படுத்துகிறார் என்பதில் நமக்கு இருக்கும் கட்டுப்பாடு அவருக்கு இல்லை.

கடல் கடந்து வந்தவர்களுக்கு 139-ஆம் சங்கீதம் தனியாக எழுதப்பட்டதோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. "நான் விடியற்காலத்துச் செட்டைகளை எடுத்து, சமுத்திரத்தின் கடையாந்தரங்களிலே போய்த் தங்கினாலும், அங்கேயும் உமது கை என்னை நடத்தும்." ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி இங்கே வந்து இறங்கிய தலைமுறை, ஊரில் குலதெய்வத்தையும் கோயில் மணியையும் விட்டுவிட்டு வந்தது. அவர்களுக்கும் முன்பே வந்திருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் 1880-களிலேயே ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயத்தை எழுப்பிக்கொண்டார்கள். ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை வேரூன்றியது. இன்று ஞாயிற்றுக்கிழமை அந்த ஆலயங்களுக்குப் போனால், நாலாம் தலைமுறை சிங்கப்பூரரும் போன மாதம் வேலைக்கு வந்த தஞ்சாவூர்க்காரரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து பாடுவதைப் பார்க்கலாம்.

எங்கே தொடங்குவது?

இந்தக் கருத்தைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஜெபித்துப் பழகுவது எளிது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபமே அதற்கு வழி. அது "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று வானங்களில் தொடங்குகிறது. நாலைந்து வரிகளுக்குள் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று இன்றைய சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறது. விண்மீன் மண்டலங்களின் ஆண்டவரிடம் காலை உணவைப் பற்றிப் பேசச் சொல்லிக்கொடுத்தவர் இயேசு.

பலர் என்னிடம் கேட்பது இதுதான்: உலகத்தில் போரும் பஞ்சமும் இருக்கும்போது, என் பிள்ளையின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்காகவும் என் முதுகுவலிக்காகவும் கடவுளைத் தொந்தரவு செய்யலாமா? செய்யலாம். உங்களுக்கு அவர் தரும் கவனம் போரில் சிக்கிய குழந்தையிடமிருந்து எடுத்ததல்ல. அந்தக் குழந்தைக்காகவும் அதே மூச்சில் கேளுங்கள். பொதுப்படையாகக் கேட்காதீர்கள், எல்லாரையும் ஆசீர்வதியும் என்று முடித்துவிடாதீர்கள். பெயரைச் சொல்லுங்கள். மருத்துவமனைத் தேதியைச் சொல்லுங்கள். கடன் தொகையைச் சொல்லுங்கள். கோபமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். சங்கீதப் புத்தகத்தில் பல பாடல்கள் அப்படித்தான் இருக்கின்றன. வார்த்தை வராவிட்டால் எட்டாம் சங்கீதத்தையும் 139-ஐயும் 147-ஐயும் வாய்விட்டு வாசியுங்கள். மூன்றையும் சேர்த்து வாசிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. அதிகாலை எம்ஆர்டி ரயில் பயணத்திலேயே முடித்துவிடலாம்.